ஏரிக்கரை முகாம்: கிளம்பும் முன் படித்துவிடுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். நாம் போகும் இடம் அமெரிக்காவின் மின்னசோட்டாவிலுள்ள பவுண்டரி வாட்டர்ஸ் என்ற ஏரிக்காடு. அங்கே ஒரு குழுவுக்கு 9 பேர், 4 படகு வரைதான் அனுமதி. சாப்பாட்டையோ குளிர்பானத்தையோ டின்னிலும் கண்ணாடி பாட்டிலிலும் கொண்டுவர வேண்டாம், தடை இருக்கிறது.

தீயை முகாமில் பதித்திருக்கும் இரும்பு அடுப்பில் மட்டுமே மூட்டலாம். புறப்படும் அன்று காலை தீத்தடை உண்டா என்று பாருங்கள். எப்படியும் கேஸ் அடுப்பு ஒன்று கூடவே இருக்கட்டும்.

வீட்டு விறகு வேண்டவே வேண்டாம். ஆஷ் மரங்களைக் கொல்லும் வண்டு அதோடு பரவும். முகாமைச் சுற்றிப் பொறுக்காமல், படகில் சற்றுத் தள்ளிப் போய், கீழே விழுந்து காய்ந்ததை மட்டும் எடுங்கள். ஒடித்தால் "படக்" என்று சத்தம் வர வேண்டும். வளைந்தால் ஈரம், போட்டுவிடுங்கள்.

தீக்குச்சி கனச் சுள்ளி இரண்டு கைப்பிடி, பென்சில் கனத்தில் அதே அளவு, மணிக்கட்டு கனத்தில் ஏழெட்டு. எல்லாம் சேர்ந்த பிறகே தீக்குச்சியைத் தொடுங்கள். விழுந்துகிடக்கும் பிர்ச் மரத்தின் பட்டை நனைந்திருந்தாலும் பற்றும். நிற்கிற மரத்தில் உரிக்காதீர்கள். பெரும்பாலும் தீ அணைவது அவசரத்தால்தான்: சுள்ளி முழுதாகப் பிடிக்குமுன் கட்டையை ஏற்றினால் காற்று அடைபட்டுப் புகைதான் மிஞ்சும். மழை நாளில் கட்டையைப் பிளங்கள், உள்ளே காய்ந்திருக்கும்.

அணைக்கும்போது தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். சாம்பலைக் கையால் தொட்டால் சுடக் கூடாது. மண் போட்டு மூடினால் உள்ளே கங்கு உயிரோடிருக்கும்.

பாத்திரம் கழுவுவது ஏரியிலிருந்து 150 அடி தள்ளி. சோப்பு எந்த வகையானாலும் ஏரித் தண்ணீரில் கலக்கக் கூடாது.