"பேசாம ரைஃபிளுக்கு மாறிடுங்களேன்"னு சொல்ற கோச்சுங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஷூட்டிங் கோச்சுங்களுக்கும் ரேஞ்ச் கமிட்டில இருக்கிறவங்களுக்கும்,

வணக்கம். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் அடிக்கிற, ரொம்ப நாளா ஸ்கோர் (60 ஷாட், மொத்தம் 600-க்கு) 530 பக்கத்துலயே சுத்திக்கிட்டு இருக்கிற ஒரு ஆள் எழுதுறேன். ஜூனியர் கிடையாது, டீம் செலக்‌ஷனுக்கும் போகப்போறதில்ல. வேலை, குடும்பம் எல்லாம் போக மிச்சம் கிடைக்கிற நேரத்துல வந்து அடிச்சிட்டுப் போற இந்த மாதிரி ஆளுங்க எல்லா ரேஞ்சுலயும் இருப்பாங்க, கடைசி லேன்ல பாத்தா தெரியும். நாங்க என்னைக்காவது ஒருநாள் தயங்கித் தயங்கி உங்ககிட்ட வந்து "சார், இது எனக்கு வருமா வராதா, தொடரவா விட்டுடவா"ன்னு கேப்போம். அதுக்கு நீங்க சொல்ற பதிலப் பத்திதான் இந்த மடல்.

பெரும்பாலும் ரெண்டே பதில்தான் வருது. "ப்ராக்டிஸ் பண்ணுங்க, தானா வரும்" ஒண்ணு. "பேசாம ரைஃபிளுக்கு மாறிடுங்களேன்" இன்னொண்ணு. முதலாவது கேக்க இதமா இருக்கும், ரெண்டாவது சுருக்குன்னு இருக்கும், ஆனா ரெண்டுமே ஸ்கோர் ஷீட்டோட கடைசி வரிய மட்டும் பாத்துட்டு சொல்றது. என் வருத்தம் அதுதான். மொத்தத்த மட்டும் பாத்தா ஒருத்தர் முன்னேறுறாரா நின்னுட்டாரான்னு உண்மையிலயே தெரியாது சார், அத வெச்சு தொடருங்க விட்டுடுங்கன்னு சொல்றது பூவா தலையா போட்டுப் பாக்குற மாதிரிதான்.

கணக்காவே சொல்றேன். ஒரு ஷூட்டரோட ஒவ்வொரு ஷாட்டும் அவரோட சராசரிலேர்ந்து சுமாரா ஒரு பாயிண்ட் மேல கீழ போகுதுன்னு வெச்சுக்கோங்க, எங்க லெவல்ல அது சகஜம். அப்படி 60 ஷாட்ட கூட்டினா மொத்தத்துல ஏழெட்டு பாயிண்ட் சும்மாவே ஆடும், ஆளும் மாறல துப்பாக்கியும் மாறல, எதுவுமே மாறல. ஆக ஒரு மேட்ச்ல 527, அடுத்ததுல 538 அடிச்சா அது முன்னேற்றமும் இல்ல, அதுக்கடுத்து 526 அடிச்சா அது சறுக்கலும் இல்ல. ஆனா நடக்குறது என்னன்னா 538 வந்த அன்னிக்கு "பாத்தீங்களா, நான் சொல்லல"ன்னு முதுகுல தட்டுவீங்க, 526 வந்த அன்னிக்கு நோட்டீஸ் போர்டுல பேர் கடைசில இருக்கும், நாங்களும் வீட்டுக்குப் போய் ராத்திரி முழுக்க புரண்டு புரண்டு படுத்து விட்டுடலாமான்னு யோசிப்போம். வெறும் ஆட்டத்துக்கு இவ்ளோ அழுகை.

சரி, மொத்தத்த விட்டுட்டு எதப் பாக்கச் சொல்றேன்? கார்ட, அதாவது அடிச்சு ஓட்டை விழுந்த பேப்பர் டார்கெட்ட பாருங்க. பத்து ஷாட் ஒருத்தர் அடிக்கிறார், 10, 7, 9, 6, 10, 8, 9, 10, 7, 9. இன்னொருத்தர் 8, 9, 8, 9, 8, 8, 9, 9, 8, 9. கூட்டிப் பாருங்க, ரெண்டும் 85. முதல் கார்டுல ஓட்டை நாலா பக்கமும் சிதறிக் கிடக்கும். ரெண்டாவதுல ஒரு பத்துகூட இல்ல, ஆனா ஓட்டை எல்லாம் இடது பக்கம் கீழ ஒரே இடத்துல குவிஞ்சிருக்கும். அவருக்கு வேண்டியது சைட்ல, அதாவது குறி பாக்குற அமைப்புல, நாலு க்ளிக் திருப்புறதோ, இல்ல ட்ரிக்கர் விரலப் பத்தி பத்து நிமிஷப் பேச்சோ, அவ்ளோதான். வலது கையால அடிக்கிறவங்க வெடுக்குன்னு ட்ரிக்கர இழுத்தா இடது கீழதான் போகும்னு எங்கள விட உங்களுக்கு நல்லாத் தெரியும். ஆனா ஷீட்ல ரெண்டு பேருக்கும் 85தான், ரெண்டு பேருக்கும் அதே "ரைஃபிளுக்கு மாறிடுங்களேன்"தான்.

கை ஆடுறதப் பத்தியும் சொல்லியே ஆகணும், ஏன்னா மெதுவா வர்றவங்க பாதிப் பேர் மாட்டிக்கிட்டு முழிக்கிறது இங்கதான். ஏர் பிஸ்டல் டார்கெட்ல பத்தோட விட்டம் 11.5 மில்லிமீட்டர், பெல்லட் 4.5. பெல்லட் கோட்டத் தொட்டாலே பத்துதான், அதனால பெல்லட்டோட நடுப்புள்ளி சென்டர்லேர்ந்து 8 மில்லிமீட்டருக்குள்ள விழுந்தா போதும். அப்போ கையும் துப்பாக்கியும் சேந்து அப்படியே 5 மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் ஷாட்டும் 5 மில்லிமீட்டர்தான் தள்ளும், அது பத்துதான். ஆனா கண்ணு பக்கம் இருக்கிற பேக் சைட்டுக்கும் குழல் முனைல இருக்கிற ஃப்ரண்ட் சைட்டுக்கும் நடுவுல தூரம் சுமாரா 33 சென்டிமீட்டர்னு வெச்சா, ஃப்ரண்ட் சைட் பேக் சைட்டோட நாட்ச்சுக்குள்ள (வெட்டுக்குள்ள) அரை மில்லிமீட்டர் விலகினா 10 மீட்டர்ல அது 15 மில்லிமீட்டர், ஒன்பது ஆயிடுச்சு. ஒரு மில்லிமீட்டர் விலகினா 30, நேரா ஏழு. கை ஆடுறது மன்னிக்கும், சைட் விலகுறது மன்னிக்காது.

இது தெரியாத ஆள் என்ன பண்றார்? கறுப்பு வட்டத்துக்குக் கீழ சைட் ஆடுறத பாத்து பதறி, சரியான இடத்துக்கு வர்ற அந்த ஒரு நொடியப் புடிக்கணும்னு ட்ரிக்கர படக்குன்னு அடிக்கிறார். அந்த படக்குலதான் ஃப்ரண்ட் சைட் மூலைக்குப் போகுது. பின்னாடி நின்னு "கைய ஆட்டாதீங்க, கைய ஆட்டாதீங்க"ன்னு நீங்க சொல்ல சொல்ல அவர் இன்னும் படக்குன்னு அடிப்பார். ஒத்தக் கைல ஒரு கிலோவ நீட்டிப் புடிச்சா யார் கையும் ஆடத்தான் செய்யும், ஒலிம்பிக் போனவங்க கையும் ஆடும், கொஞ்சம் கம்மியா. "ஆடட்டும், நீங்க ஃப்ரண்ட் சைட்ட மட்டும் பாத்துக்கிட்டு விரல மெதுவா அழுத்திக்கிட்டே இருங்க"ன்னு யாராவது ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா இன்னிக்கு விட்டுட்டுப் போனவங்கள்ல பல பேர் லேன்லயே இருந்திருப்பாங்க. இது என் அபிப்பிராயம்தான், ஆனா ரொம்ப நாள் பாத்துட்டு சொல்றேன்.

அப்புறம் கண்ணு. நாப்பது தாண்டினவங்களுக்கு ஃப்ரண்ட் சைட் மங்கலாத்தான் தெரியும், படிக்கிற கண்ணாடி போட்டா அது வேற தூரம், தூரப் பார்வை கண்ணாடி போட்டா அதுவும் வேற தூரம். கை நீட்டின தூரத்துல இருக்கிற ஃப்ரண்ட் சைட்டுக்குன்னே பவர் பாத்து லென்ஸ் போடணும். அதே மாதிரி க்ரிப், அதாவது கைப்பிடி. கைக்குப் பொருந்தாத க்ரிப்ப வெச்சுக்கிட்டு ஒருத்தர் வருஷக்கணக்கா போராடுறார்னா அவருக்குத் திறமை இருக்கா இல்லையான்னே இன்னும் யாருக்கும் தெரியாது. இதெல்லாம் பாக்காம ஆளுக்கு தீர்ப்பு சொல்லிடாதீங்க ப்ளீஸ்.

இன்னொரு வேண்டுகோள், கொஞ்சம் கோவமாவே சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. தொடரவா வேணாமான்னு கேக்குறவங்ககிட்ட உடனே ஹங்கேரி ஷூட்டர் காரோய் தகாக்ஸ் கதைய எடுக்காதீங்க. 1938-ல குண்டு வெடிச்சு வலது கை போச்சு, இடது கையால பழகி 1948-லயும் 1952-லயும் ஒலிம்பிக் தங்கம், தெரியும் சார், பிஸ்டல் தூக்கின எல்லாருக்கும் தெரியும். கையெடுத்துக் கும்பிட வேண்டிய மனுஷன். ஆனா அவர் கை போறதுக்கு முன்னாடியே பெரிய ஷூட்டர், என் கேள்விக்கு அவர் வாழ்க்கைல பதில் இல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ல பிஸ்டல் கோளாறு ஆகி வெளிய வந்த மனு பாக்கர் 2024 பாரிஸ்ல ரெண்டு வெண்கலம் வாங்கினதும் அப்படித்தான், அது உச்சில இருக்கிறவங்க சறுக்கி எழுந்த கதை. நாங்க எந்த உச்சிலேர்ந்தும் விழல, படிக்கட்டுலயே நிக்கிறோம். இந்தக் கதைங்க எங்கள ஒரு மாசம் தள்ளும், அதுக்கப்புறம் "அவங்களால முடிஞ்சுது, நம்மால ஏன் முடியல"ன்னு இன்னும் கீழ இறக்கிவிட்டுடும். 51 வயசுல பாரிஸ்ல வெள்ளி வாங்கின துருக்கிக்காரர் யூசுஃப் டிகேச், 1988-ல ஆரம்பிச்சு 2024 வரைக்கும் பத்து ஒலிம்பிக் ஆடின ஜார்ஜியா நாட்டு நினோ சாலுக்வாட்ஸே, இவங்கள சொல்லுங்க வேணும்னா. அதுலயாவது ஒரு உபயோகமான தகவல் இருக்கு, வயசு இந்த விளையாட்டுல கதவ சீக்கிரம் சாத்துறதில்லன்னு.

ரைஃபிளுக்கு மாறச் சொல்றதே தப்புன்னு நான் சொல்லல. உண்மையிலயே சில பேருக்கு ரைஃபிள்தான் செட் ஆகும், ஜாக்கெட் மாட்டிக்கிட்டு எலும்பு மேல எடையப் போட்டு நிக்கிற அந்த நிதானம் புடிச்சவங்க இருக்காங்க, ட்ரை பண்ணி பாக்கட்டும். ஆனா அதுல பத்துங்கிறது வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி, அங்க போனா ஈஸின்னு யாரும் நினைச்சு போகக்கூடாது, பிஸ்டல் வராதவங்களுக்கு ஒதுக்கின இடம் மாதிரி பேசுறது ரைஃபிள்காரங்களுக்கும் அவமானம். இங்க ட்ரிக்கர படக்குன்னு அடிக்கிற ஆள் அங்கயும் அப்படித்தான் அடிப்பார். மாறணும்னா அங்க இருக்கிற வேலை புடிச்சு மாறணும்.

விட்டுடுங்கன்னு சொல்ல வேண்டிய இடமும் இருக்கு, அத நீங்க தைரியமா சொல்றதில்லங்கிறதும் என் புகார்ல சேத்தி. தோள்பட்டை வலிக்குதுன்னு ஒருத்தர் சொல்லிக்கிட்டே இருந்தா "பழகிடும்"னு சொல்லாதீங்க, நிறுத்தச் சொல்லி டாக்டர்கிட்ட அனுப்புங்க. மேட்ச் மட்டும்தான் புடிக்கும், வெறும் சுவத்தப் பாத்து நின்னு பெல்லட் இல்லாம ட்ரை ஃபயர் பண்றது புடிக்கவே புடிக்காது, வீட்டுல ஒரு தடவ கூட பண்ணதில்ல, அப்படின்னு ஒருத்தர் இருந்தா அவர்கிட்ட நேராவே சொல்லலாம், இந்த விளையாட்டுல முக்கால்வாசி அந்த சுவருதான், அது கசந்தா வேற ஏதாவது போய் சந்தோஷமா விளையாடுங்கன்னு. அதுல அவமானம் என்ன இருக்கு. எல்லாரும் எல்லாத்தையும் புடிச்சுக்கிட்டுத் தொங்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல.

ஆனா அந்தச் சுவரு முன்னாடி நிக்க புடிச்சவங்க, ஷாட் போனதும் மானிட்டர பாக்குறதுக்கு முன்னாடியே "இது ரெண்டு மணி பக்கம் எட்டு"ன்னு சொல்லி, அது கிட்டத்தட்ட சரியாவும் இருக்கிறவங்க, ஹோல்ட் (நீட்டிப் புடிச்சு நிக்கிறது) சரியில்லன்னா அடிக்காம கைய இறக்கி மறுபடி தூக்கத் தெரிஞ்சவங்க, இவங்க ஸ்கோர் எவ்ளோ மெதுவா ஏறினாலும் விட்டுடாதீங்க. தன் ஷாட் எங்க போச்சுன்னு சொல்லத் தெரிஞ்ச ஆள் கத்துக்கிட்டுதான் இருக்கார், ஸ்கோருக்கு அது இன்னும் தெரியல அவ்ளோதான்.

நான் என்ன முடிவு எடுத்தேன்னு கேப்பீங்க. தொடரப்போறேன். ஸ்கோர் பாத்து எடுத்த முடிவு இல்ல, கார்ட திருப்பிப் போட்டு வெள்ளைப் பக்கத்துல அடிச்ச க்ரூப்ப, அதாவது ஓட்டைங்க சேந்து விழுந்த கூட்டத்த, பழைய க்ரூப்போட வெச்சுப் பாத்து எடுத்தது. வெறும் வெள்ளைல சின்னதாவும் கறுப்பு வட்டம் வந்ததும் பெருசாவும் ஆகுதுன்னா பிரச்சனை கைல இல்ல, கண்ணு பத்த தேடுறதுலன்னு புரிஞ்சுது, புரிஞ்ச பிரச்சனைய விட்டுட்டுப் போக மனசு வரல. தோள் சொன்னா நிறுத்துவேன், வெள்ளைக் கார்டுலயும் க்ரூப் ரொம்ப நாளைக்கு சுருங்காமலே இருந்தா அப்பவும் உக்காந்து யோசிப்பேன்.

உங்ககிட்ட கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. அடுத்த தடவ யாராவது "தொடரவா சார்"னு வந்தா பதில் சொல்றதுக்கு முன்னாடி அரை மணி நேரம் அவர் பின்னாடி நின்னு, டார்கெட்ட பாக்காம அவர் விரலையும் முகத்தையும் மட்டும் பாருங்க. போர்டுல ஸ்கோர் வரிசை போடுறத போட்டிக்குப் போறவங்களோட நிறுத்திக்கோங்க, மத்தவங்களோடத தனியா கூப்பிட்டு சொல்லுங்க. லேன் ஒதுக்கும்போது ஸ்கோர் கம்மியா இருக்கிறவங்கள எப்பவும் கடைசில தள்ளாம, யாரும் வராத நேரத்துலயாவது ஒரு லேன் எங்களுக்குன்னு நிரந்தரமா குடுங்க, விளக்க அணைச்சு பூட்டிட்டுப் போற வேலைய வேணும்னா நாங்களே பாத்துக்குறோம்.

இப்படிக்கு,
கடைசி லேன்ல அடிக்கிற ஒரு ஏர் பிஸ்டல்காரன்