பாறு கழுகுகளின் மண்ணில் ஒரு ஆபத்தான மருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஸ்பெயினின் எக்ஸ்ட்ரமதூரா பகுதிக்குப் பறவை பார்க்கப் போன கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ட்ருஹீயோ நகரத்துக் காளைச்சண்டை அரங்கின் ஓட்டுக்கூரையில் கூடு கட்டும் சிறு வல்லூறுகளைப் பற்றிய பத்தி அருமை. ஆனால் அதே பகுதியிலுள்ள மொன்ஃப்ராகுவே தேசியப் பூங்காவின் பாறு கழுகுகளை, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளை, மூன்றே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். நீலகிரியில் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதே பூங்காவை மனைவியோடு போய்ப் பார்த்தும் வந்தவன். அதனால்தான் இந்தக் கடிதம்.

அங்கே தாஹோ ஆற்றை ஒட்டிச் சாலையோரமாக நின்றாலே போதும். எதிர்க்கரையில் செங்குத்தாக எழும் பாறையில் நூற்றுக்கணக்கான பாறுகள் குடியிருக்கின்றன. வெயில் ஏறி அனல்காற்று கிளம்பும்வரை ஒன்றும் அசைவதில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சிறகை விரித்து, வட்டமிட்டு, நம் கண்மட்டத்துக்கே வந்துவிடும். கழுத்தடியின் வெள்ளை மயிர் வளையமும், விரல்களாகப் பிரிந்த சிறகு நுனியும் தொலைநோக்கி இல்லாமலே தெரிந்தன. தலைக்கு மேல் ஒன்று கடந்தபோது சிறகு காற்றைக் கிழிக்கும் ஓசையைக் கேட்டோம். பாறைக்குக் கீழே நீரோரத் திட்டில் கருநாரை ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. கரும்பாறுகளின் கூடுகள் இங்கே மட்டும் முந்நூறுக்கு மேல். உலகில் இவ்வளவு பெரிய கூட்டம் வேறெங்கும் அபூர்வம்.

இந்த இடம் தானாகத் தப்பிப் பிழைத்ததல்ல. 1970களில் இதே மலைச்சரிவுகளை வெட்டிப் படிப்படியாக்கி, காகித ஆலைகளுக்காக யூகலிப்டஸ் நட்டார்கள். ஹெஸுஸ் கார்ஸோன் என்ற இயற்கையாளர் முன்னின்று போராடியதால்தான் 1979இல் பாதுகாக்கப்பட்ட பூங்காவாக அறிவித்தார்கள். 2007இல் அது தேசியப் பூங்கா ஆனது. யூகலிப்டஸைப் பெருமளவு பிடுங்கி எறிந்தும்விட்டார்கள். நீலகிரிக்காரனுக்கு இதைக் கேட்டால் பொறாமையாகத்தான் இருக்கும்!

இத்தனையும் செய்த நாடு 2013இல் மாட்டுக்கும் பன்றிக்கும் டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி மருந்தைப் போட அனுமதி கொடுத்தது. ஐரோப்பாவின் பாறுகளில் பத்தில் ஒன்பது பங்கு ஸ்பெயினில்தான் இருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். இந்த மருந்து செலுத்திய மாடு இறந்து, அதன் இறைச்சியைத் தின்றால் பாறின் சிறுநீரகம் பழுதாகி, சில நாட்களில் செத்துவிடும். 1990களில் இந்தியத் துணைக்கண்டத்தில் பாறுகள் கொத்துக்கொத்தாக மடிந்ததற்கு இதுதான் காரணம் என்று 2004இல் கண்டறிந்தார்கள். 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. தமிழ்நாட்டில் எஞ்சியவை மாயாற்றுப் பள்ளத்தாக்கின் நீர்மருது மரங்களில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

எக்ஸ்ட்ரமதூராவில் இறந்த ஆடுமாடுகளை மேய்ச்சல் நிலத்திலேயே பாறுகளுக்கு விட்டுவைப்பது பழைய வழக்கம். பைத்திய மாட்டு நோய்ப் பயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடுத்தது. இரை கிடைக்காமல் 2007இல் பாறுக் கூட்டங்கள் பெல்ஜியம், நெதர்லாந்துவரை பறந்து போயின. பிறகு விதியைத் தளர்த்தி, மேய்ச்சல் நிலத்தில் மீண்டும் விட அனுமதித்தார்கள். நல்ல காரியம். ஆனால் நிலத்தில் கிடக்கும் சடலம் பாறுக்கு இரையாகலாம் என்று ஆனபின் அந்தச் சடலத்தில் என்ன மருந்து இருக்கிறது என்ற கேள்வி பலமடங்கு முக்கியமாகிறது. கடைசியில், டைக்ளோஃபினாக்கால் இறந்த கரும்பாறு ஒன்றை ஸ்பெயினின் கட்டலோனியாவில் கண்டெடுத்தார்கள். 2021இல் அதை உறுதி செய்து ஆய்வும் வெளிவந்தது. அதன் பிறகும் அங்கே தடை வரவில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை. மாற்று மருந்து இல்லாமலா? காய்ச்சலுக்கும் மடிவீக்கத்துக்கும் மெலாக்சிகாம் கொடுத்து மாடுகள் எழுந்து நின்றதை என் பணிக்காலத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அது பாறுகளுக்கும் பாதுகாப்பானது.

பயணக் கட்டுரையில் மருந்துக் கதை எதற்கு என்று கேட்கலாம். பாறு பார்க்கப் போகிறவர்களின் பணத்தில்தான் அந்தக் கிராமத்து விடுதிகளும் வழிகாட்டிகளும் நடக்கின்றன. தங்கும் விடுதிக்காரரிடமும் வழிகாட்டியிடமும் இதைப் பற்றிக் கேளுங்கள் என்று உங்கள் வாசகர்களிடம் சொன்னால் அந்தக் கேள்வி மேலே போகும். அடுத்த முறை இப்படியொரு கட்டுரை வரும்போது ஒரு பத்தியாவது இதற்கு ஒதுக்குங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
கூடலூர், நீலகிரி.