மட்டக்களப்பு மீம் பேஜ் அட்மின்மாருக்கு ஒரு திறந்த மடல்

தம்பிமாரே, தங்கச்சிமாரே,

நான் உங்களுக்கு எதிரான ஆள் இல்ல. 2022ல பெட்ரோல் கியூவில நிண்டு காயக்குள்ள நீங்க போட்டதுகளப் பாத்துத்தான் சிரிச்சிக்கிட்டு நிண்டம், அதுக்கு இப்பவும் நன்றி. இப்ப எழுதுறது எங்கட மாமிட விசயமா.

மாமி சந்தையில மரக்கறி விக்கிறவ. கீரைக்கட்டுக்கு விலை குறைக்கச் சொல்லி ஒராள் நிண்டு கரைச்சல் குடுக்க, இவவும் வாயில வந்தத ரெண்டு சொல்லிட்டா, பக்கத்தில நிண்ட ஆரோ அத ஃபோன்ல எடுத்து அனுப்ப, உங்கள்ல ஒரு பேஜ் அந்தாள் பேசின பேச்செல்லாத்தையும் வெட்டித் தூக்கிட்டு மாமி கத்துறத மட்டும் வச்சி வடிவேலு சவுண்டும் ஒட்டி விட்டுட்டாங்க. மறுகா என்ன, டிக்டொக்ல ஆளாளுக்கு முந்தானைய இடுப்பில செருகிக்கிட்டு நடிக்கிறாங்க. டியூசன் விட்டு வாற பொடியனுகள் சைக்கிள நிப்பாட்டி "அன்ரி, அத ஒருக்காச் சொல்லுங்க" எண்டு கேக்கிறானுகள். ஆரும் ஃபோனத் தூக்கினா மாமி தராசத் தட்டோட விட்டுட்டு முகத்த மூடுறா, யாவாரம் எப்பிடி நடக்கும்? "வைரல்தானே, நல்லம்தானே" எண்டு சொல்றவங்களும் இரிக்காங்க, அவங்கட அம்மாவப் போட்டாத்தான் தெரியும்.

சிரிப்புக்கு ஆளா இல்ல? 2019 மே மாசம் பாகிஸ்தான் இன்ஜினியரிங் பேஜ் ஒண்டு சுத்தியல் படம் போட்டு இதுக்கு உங்கட ஊரில என்ன பேர் எண்டு கேக்க, நம்மட ஆள் ஒருத்தர் இதுதான் 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில வடிவேலு நடிச்ச காண்ட்ராக்டர் நேசமணிட தலையில விழுந்தது எண்டு கமெண்ட் போட, ட்விட்டர் முழுக்க நேசமணிக்குப் பிரார்த்தனை பண்ணிச்சி. ஒருத்தருக்கும் நோகல்ல. வடிவேலுட முகம் அவர்ர தொழில். மாமிட தொழில் கீரை.

வெட்டின கிளிப் என்ன செய்யும் எண்டு நம்மட பக்கத்து ஆக்களுக்குச் சொல்லித் தரணுமா? 2018 பெப்ரவரி, அம்பாறை டவுன். முஸ்லிம் ஆளிட சாப்பாட்டுக் கடையில கறிக்குள்ள கட்டி ஒண்டு கிடக்க, மலடாக்கிற மாத்திரை போட்டிருக்கு எண்டு ஒரு கூட்டம் காசாளரச் சுத்தி நிண்டு வெருட்ட, சிங்களம் வடிவா விளங்காத அந்த மனிசன் பயத்தில தலையாட்ட, அது வீடியோவா ஃபேஸ்புக்ல ஓடிச்சி. அண்டிரவே பள்ளிவாசலுக்கும் கடையளுக்கும் அடி விழுந்திச்சி. மறுகா அரச பகுப்பாய்வாளர் பாத்துச் சொன்னது, அது வெறும் மாக்கட்டி எண்டு. ஃபேஸ்புக் கம்பனி அந்த வருசத்துக் கலவரங்களுக்கு மன்னிப்புக் கேக்க 2020 மே ஆயிட்டு. மாமிட கதை அவ்வளவு பெரிசில்ல, தெரியும். ஆனா முன்னுக்குப் பின்னுக்கு வெட்டினா மனிசரே மாறிப்போறாங்க, ரெண்டிலயும் அதுதான் நடந்திரிக்கு.

"பப்ளிக்ல நடந்ததத்தானே போட்டம்" எண்டு ஒரு அட்மின் எனக்கு இன்பொக்ஸ்ல சொன்னார். சந்தையில நிக்கிற அம்பது பேர் பாக்கிறதும் லெச்சம் பேர் பாக்கிறதும் ஒண்டாடா தம்பி?

நான் கேக்கிறது பெரிய விசயமில்ல. தெருவில நிக்கிற ஆளப் போடுறதெண்டா முதல்ல அவரிட்டக் கேளுங்க. வேணாமெண்டா விடுங்க, போட்ட பிறகு எடுக்கச் சொன்னா அண்டைக்கே எடுங்க, அடுத்த பேஜ்ல கிடக்கிறத உங்கட லோகோவக் குத்திப் போடாதீங்க (இது சும்மாவே வெக்கம்). எம்பிமாரயும் நடிகர்மாரயும் நல்லாப் போடுங்க, முதல் ஷேர் என்டது.

மாமிட வீடியோ மூண்டு பேஜ்ல இன்னும் கிடக்கு. லிங்க் எல்லாம் உங்கட இன்பொக்ஸ்ல போட்டிரிக்கன், அழிச்சிட்டு ஒரு மெசேஜ் போடுங்க, மாமிக்குக் காட்டணும்.