நூலக மேசையில் ஒரு செஸ் பலகை வேண்டும்

பொது நூலகத் துறை இயக்குநருக்கும் நூல் தேர்வுக் குழுவினருக்கும் வணக்கம்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். போன மாதம் ஒரு போட்டியில், என் எட்டாம் வகுப்பு மாணவி ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டத்தை டிரா செய்துவிட்டு வந்தாள். அவளிடம் ஒரு யானை, ஏழாம் வரிசையில் ஒரு சிப்பாய், அதற்கு முன்னால் எட்டாம் வரிசையில் ராஜா. எதிராளிக்கு ராஜாவும் யானையும் மட்டும். இவள் ராஜா வெளியே வந்தால் செக். உள்ளே போய்விடுவாள். இப்படியே போய் வந்து, மூன்று முறை அதே நிலை வந்துவிட்டது, அதனால் டிரா. வெளியே வந்ததும் கேட்ட முதல் கேள்வி: “சார், இதுல வழி இருந்துச்சா?”

இருந்தது. லூசேனா நிலை என்பார்கள். 1497இல் வந்த, ஸ்பெயின்காரர் லூசேனாவின் செஸ் புத்தகத்தில் இது இல்லை. 1634இல் வந்த, இத்தாலியர் சால்வியோவின் புத்தகத்தில்தான் இருக்கிறது. பெயர் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டது. முதலில் யானையால் ஒரு செக் வைத்து எதிர் ராஜாவைத் தள்ளிவிட வேண்டும். அப்புறம் அந்த யானையை நான்காம் வரிசையில் நிறுத்த வேண்டும். இனி ராஜா துணிந்து வெளியே வந்து, செக்குக்குச் செக் ஒவ்வொரு படியாக இறங்கலாம். ஐந்தாம் வரிசைக்கு வந்ததும் யானை குறுக்கே வந்து செக்கை அடைத்துவிடும். சிப்பாய் ராணியாகிவிடும்.

வீடியோவிலும் இது கிடைக்கும், அவளும் பார்த்திருக்கிறாள். ஆனால் மனதில் நிற்கவில்லை. புத்தகத்தில் அடுத்த நகர்த்தலைக் கையால் மறைத்துக்கொண்டு, நாமே யோசித்து, பலகையில் வைத்துப் பார்த்து, பிறகு கையை எடுக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணிதான் ஆட்டத்தில் கைகொடுக்கிறது.

எங்கள் பக்கத்து நூலகத்தில் இருப்பது ஒரே ஒரு செஸ் புத்தகம். அதுவும் ஆங்கிலத்தில், வீட்டுக்குத் தர முடியாத பிரிவில். சரி என்று சின்னப் பலகையோடு போனோம். இங்கே விளையாடக் கூடாது என்றார்கள். பலகை இல்லாமல் செஸ் புத்தகத்தை ஒரு குழந்தை எப்படிப் படிக்கும்?

சோவியத் செஸ் இதழ்களைப் படிப்பதற்காகவே அமெரிக்க செஸ் சாம்பியன் பாபி ஃபிஷர் ரஷ்ய மொழி கற்றார். பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் அதை எதிர்பார்க்கலாமா? நகர்த்தல் குறிப்பை எந்த மொழிக்காரரும் படித்துவிடலாம். ஏன் அந்த நகர்த்தல் என்பதைத்தான் அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கிறது. 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் முதல் 2024இல் உலக சாம்பியனான குகேஷ் வரை கண்ட தமிழ்நாடு இது. இறுதியாட்டம், அதாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்டம் பற்றி நல்ல தமிழ்ப் புத்தகங்களை எழுதச் சொல்லி வாங்குங்கள். வீட்டுக்கு எடுத்துப்போகும் பிரிவில் வையுங்கள். நாங்களும் சொத்து வரியோடு நூலக வரி கட்டுகிறவர்கள்தான்.

கிளை நூலகம்தோறும் ஒரு மேசையில் ஒரு பலகைக்கும் அனுமதி கொடுங்கள். எங்கள் ஊருக்கான பலகையை நானே தருகிறேன். காய்களின் அடியில் துணி ஒட்டியாயிற்று, சத்தம் வராது.