பினாங்கின் கோப்பிக் கடைகளையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் பினாங்குத் தீவு பற்றிய பயணக் கட்டுரையை ஆசையோடு படித்தேன். மலை ரயில், கெக் லோக் சி கோயில், சுவரோவியங்கள் எல்லாம் இருந்தன. அந்த ஊர்க் காபிக் கடை, அவர்கள் சொல்கிறபடி கோப்பிக் கடை, பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் கும்பகோணத்துக்காரி. எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

என் அக்கா வாழ்க்கைப்பட்டிருப்பது தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில். போன வருஷம் போயிருந்தபோது ஒரு நாள் காலையில் அத்தான், "பசியாறியாச்சா?" என்றார். அந்த ஊர்த் தமிழில் காலைச் சாப்பாட்டுக்குப் பெயர் பசியாறல். இன்னும் இல்லை என்றதும், எங்களைப் படகேற்றி, தீவிலுள்ள தலைநகரான ஜார்ஜ்டவுனுக்குக் கூட்டிப்போனார்.

பளிங்கு மேஜைகள் போட்ட பழைய சீனக் கடை. 'கோப்பித்தியாம்' என்கிறார்கள். கோப்பி காபிக்கான மலாய்ச் சொல், தியாம் என்றால் ஹொக்கியன் என்ற சீன மொழியில் கடை. அடுப்படியில் நின்ற பெரியவர், நீளக் காலுறை மாதிரி இருந்த துணிப்பையில் தூளைப் போட்டு, கொதிநீர் ஊற்றி, வடிந்த டிகாக்‌ஷனை மறுபடியும் அதே பையில் ஊற்றினார். கனமான பீங்கான் கோப்பையின் அடியில் கண்டென்ஸ்டு மில்க், அதன் மேல் கோப்பி. ஊற்றிய வேகத்தில் கொஞ்சம் சாசரில் வழிந்தது.

நம் ஊர் மணத்தை எதிர்பார்த்தால் ஏமாந்துதான் போவோம். அங்கே ரொபஸ்டா வகைக் காபிக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருகருவென்று வறுக்கிறார்கள். முதல் வாய் முற்றிய பாகு மாதிரி கசந்தது. கரியடுப்பில் வாட்டிய ரொட்டியில் வெண்ணெய்த் துண்டும், தேங்காய்ப்பாலும் முட்டையும் கிண்டிய 'காயா'வும் வைத்துத் தந்தார்கள். அதைக் கடித்துக்கொண்டு குடித்தபோதுதான் அந்தக் கசப்பு எதற்கு என்று புரிந்தது. அத்தானுக்கு 'கோப்பி ஓ கோசோங்', அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத கடுங்காப்பி.

பக்கத்து மேஜையில் ஒரு தமிழ்த் தாத்தா கோப்பியைச் சாசரில் ஊற்றி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அங்கே அது பழைய வழக்கமாம். எனக்கு எங்கள் வீட்டு டவரா ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடைகளில் பலவற்றைத் தொடங்கியவர்கள் ஹைனான் தீவுச் சீனர்கள். மற்ற சீனர்களுக்குப் பின்னால் வந்ததால் நல்ல தொழில்கள் எல்லாம் ஏற்கெனவே மற்றவர்கள் கையில். வெள்ளைக்காரர் வீடுகளில் சமையல் வேலை பார்த்தார்கள். அங்கே கற்ற கைப்பழக்கம் அப்புறம் கடையாயிற்று.

ஜார்ஜ்டவுனின் பழைய வீடுகளில் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்த சட்டக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் முடிவுக்கு வந்தது. வாடகை ஏறி, எத்தனையோ குடும்பங்களும் சிறு கடைகளும் இடத்தைக் காலி செய்தன. 2008-இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதே பழைய வீடுகள் பலவற்றில் இன்று தங்கும் விடுதிகளும் புதுமாதிரி கஃபேக்களும் இருக்கின்றன. நம் ஊரிலிருந்து போகிறவர்கள் அங்கே படமெடுத்துக்கொண்டு, விடுதியில் மெஷின் காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எழுதும்போது இந்தக் கடைகளுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். காலையிலேயே போகச் சொல்லுங்கள். இன்னொன்றையும் மறக்காமல் சேருங்கள். இந்த மாதிரிக் கடைகளில் நூடுல்ஸும் சோறும் விற்பவர்கள் பெரும்பாலும் இடத்தை வாடகைக்கு எடுத்தவர்கள். கடைக்காரர் கையில் இருப்பது பானங்கள்தான். நாலு பேர் போய் உட்கார்ந்தால் நாலு கோப்பி வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.