டென்ட்டுக்கு பதிலா ஹேமக்: அந்த போட்டோல கட்டியிருக்கிற விதமே தப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல கேம்பிங் பத்தி முழு பக்கம் கட்டுரை போட்டிருந்தீங்க, நல்லா இருந்துச்சு, ஸ்டவ் பத்தி, தண்ணி ஃபில்டர் பத்தி எழுதினதெல்லாம் சரிதான். ஆனா ராத்திரி எங்க படுக்கிறதுன்னு வர்ற இடத்துல, ஹேமக் (ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டுற தொங்கு படுக்கை) சும்மா மத்தியானம் சாஞ்சு கிடக்கத்தான் லாயக்கு, தூங்கணும்னா டென்ட்தான்னு ஒரே வரியில தள்ளிவிட்டுட்டீங்க. அது கூட பரவால்ல, அவங்கவங்க அபிப்பிராயம். பக்கத்துல ஒரு போட்டோ போட்டிருந்தீங்க பாருங்க, அதுதான் என்னை உக்காந்து எழுத வச்சிருச்சு. துணி காயப்போடுற கொடி மாதிரி விறைப்பா இழுத்து கட்டின ஹேமக், மரத்த சுத்தி மெல்லிசா ஒரு நைலான் கயிறு. அப்படி கட்டி படுத்தா யாருக்கா இருந்தாலும் முதுகு வலிக்கத்தான் செய்யும், அப்புறம் பழி ஹேமக் மேல.

நானும் ஒரு காலத்துல அந்த பழிய போட்டவன்தான். முதல் தடவை கட்டினப்போ நடுவுல தொங்குறது பாத்து இது என்னடா மூட்டை மாதிரி தொங்குதுன்னு ரெண்டு பக்கமும் இழுத்து இழுத்து டைட் பண்ணி, நேரா மல்லாக்க படுத்தேன், ரெண்டு பக்க துணியும் வந்து தோள அமுக்குது, முட்டி பின்பக்கமா மடங்குற மாதிரி ஒரு வேதனை, கொஞ்சம் புரண்டா அப்படியே கவுத்து விட பாக்குது. மூணு மணிக்கு முதுகு ஐஸ் மாதிரி ஆகி முழிச்சவன் விடியிற வரைக்கும் உக்காந்தே இருந்தேன், நல்ல ஸ்லீப்பிங் பேக் உள்ள இருந்தும். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் டென்ட்தான். இன்னொரு ட்ரிப்ல கூட வந்த ஒரு அக்கா, டென்ட் தூக்கிட்டு வராதவங்க, என் கதைய கேட்டு சிரிச்சுட்டு ரெண்டே விஷயம் சொன்னாங்க: தளர்த்தி கட்டு, குறுக்கால படு. அன்னைக்கு ராத்திரி அவங்க ஹேமக்ல படுத்து பாத்தேன், எழுப்பினப்போ விடிஞ்சிருந்துச்சு.

தளர்த்தி கட்டுறதுன்னா எவ்வளவுன்னு கேட்டா, ஆள் உக்காந்ததுக்கு அப்புறம் ஸ்ட்ராப், அதாவது ஹேமக்க மரத்தோட கட்டுற பட்டை நாடா, கிடைமட்டத்துல இருந்து சுமாரா 30 டிகிரி சரிஞ்சு இருக்கணும். இதுல சௌகரியம் மட்டும் இல்ல, கணக்கும் இருக்கு. 70 கிலோ ஆள் படுத்தா 30 டிகிரில ஒவ்வொரு பக்க ஸ்ட்ராப்பும் தாங்குற இழுவை கிட்டத்தட்ட அதே 70 கிலோ. அதையே விறைப்பா இழுத்து 10 டிகிரி ஆக்கினீங்கன்னா 200 கிலோ ஆயிடும், 5 டிகிரின்னா 400 கிலோ. ஆள் ஒருத்தர்தான், எடை ஒண்ணுதான், கட்டுற கோணம் மாறினதுக்கு இவ்வளவு. உங்க போட்டோல இருக்கிறது 10 டிகிரி கூட இருக்காதுன்னு என் கண்ணுக்கு படுது. முடிச்சு அவிழுறது, துணி கிழியுறது, காரபினர்னு சொல்ற உலோக கொக்கி வளையுறது எல்லாம் பெரும்பாலும் இப்படி இழுத்து கட்டுறவங்களுக்குத்தான் நடக்குது. ஒவ்வொரு தடவையும் கோணம் பாக்க சோம்பேறித்தனமா இருந்தா ஹேமக்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல ஒரு கயிறு நிரந்தரமா கட்டி வச்சுக்கலாம், ரிட்ஜ்லைன்னு சொல்லுவாங்க, ஹேமக் நீளத்துல 83 சதவீதம் இருக்கணும், அதாவது 11 அடி ஹேமக்னா 9 அடிக்கு கொஞ்சம் மேல. அது இருந்தா மரம் கிட்ட இருந்தாலும் தள்ளி இருந்தாலும் தொய்வு மாறாது. டார்ச், கண்ணாடி எல்லாம் அதுலயே மாட்டிக்கலாம், அது தனி சந்தோஷம்.

அப்புறம் குறுக்கால படுக்கிறது. தலை ஒரு பக்கம் தள்ளி, கால் எதிர் பக்கம் தள்ளி, நடுக்கோட்டுக்கு சாய்வா படுத்தா துணி விரிஞ்சு உடம்பு கிட்டத்தட்ட மட்டமா வந்துரும். வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு படுக்கணும்னு நினைக்கிறவங்க எல்லாம் நேரா படுத்து பாத்தவங்கதான். இதுக்கு துணி நீளமா அகலமா இருக்கணும், 8 அடி 9 அடி ஹேமக்ல இது வராது, கடைசில மடங்கித்தான் கிடக்கணும். ரெண்டு முனையிலயும் கட்டை வச்சு விரிச்ச மாடல் ஒண்ணு இருக்கு, தோட்டத்துல படம் எடுக்க அழகா இருக்கும், ஆனா கட்டை இருக்கறதால உடம்பு மேலயே உக்காந்துக்குது, கொஞ்சம் சாஞ்சா கவுத்திரும். தென் அமெரிக்காவுல பரம்பரையா ஹேமக்லயே தூங்குறவங்க பெரும்பாலும் ராத்திரிக்கு கட்டை வச்சதுல படுக்கிறதில்ல.

குளிர் விஷயம்தான் டென்ட்காரங்க சரியா புடிக்கிற பாயிண்ட், இதுல நான் ஒத்துக்கிறேன். ஸ்லீப்பிங் பேக்ல சூடு நிக்கிறது உள்ள இருக்கிற காத்தாலதான், நம்ம எடை அமுக்குன உடனே முதுகுக்கு கீழ அந்த காத்து போயிடுது, தரையில படுத்தா மேட் இருக்கு, ஹேமக்ல கீழ வெறும் காத்து ஓடிட்டு இருக்கு. 20 டிகிரி வெப்பநிலையிலயே சிலருக்கு முதுகு சில்லுன்னு ஆயிடும். இதுக்கு அண்டர்குவில்ட்னு ஒண்ணு இருக்கு, ஹேமக்குக்கு வெளிய அடியில தொங்கும், நாம அமுக்க மாட்டோம் அதனால அது உப்பலாவே இருக்கும். அது இல்லன்னா சாதாரண ஃபோம் மேட் உள்ள போடலாம், ராத்திரி முழுக்க நழுவிக்கிட்டே இருக்கும், ரெண்டு அடுக்கு துணி ஹேமக்னா நடுவுல சொருகிடலாம். இதுல எதுவுமே இல்லாம ஹேமக்ல தூங்கி குளிர்ல நடுங்கினேன்னு சொல்றது, மேட் இல்லாம டென்ட்ல படுத்து டென்ட் குளிருதுன்னு சொல்ற மாதிரி. கொசுவுக்கும் இதே கதைதான், மேல நெட் போட்டுட்டு நிம்மதியா இருப்போம், கீழ இருந்து மெல்லிசு துணி வழியாவே கடிச்சிட்டு போகும், அடியில குவில்ட் இருந்தா அதுவும் தப்பிச்சுக்கலாம்.

மழைக்கு மேல கூரை மாதிரி கட்ட ஒரு டார்ப், அதாவது தண்ணி புகாத விரிப்பு, ஹேமக்க விட ரெண்டு பக்கமும் கொஞ்சம் நீளமா. இதுல புதுசா வர்றவங்க மறக்கிறது ஸ்ட்ராப்ப. மரத்துல வழியிற தண்ணி ஸ்ட்ராப் மேலயே ஊர்ந்து நேரா படுக்கைக்கு வந்துரும், டார்ப்புக்கு உள்பக்கம் ஸ்ட்ராப்ல ஒரு சின்ன நூல் கட்டி தொங்க விட்டா தண்ணி அதுல இறங்கி கீழ சொட்டிடும். ஒரு துண்டு நூல், அவ்வளவுதான், இது தெரியாம நான் ஒரு ராத்திரி நனைஞ்சிருக்கேன்.

ஆனா தரை ஈரமா இருக்கட்டும், கல்லா இருக்கட்டும், வேர் முண்டு முண்டா இருக்கட்டும், சரிவா கூட இருக்கட்டும், நமக்கு கவலை இல்ல. டென்ட்காரங்க மட்டமான இடம் தேடி இருட்டுற வரைக்கும் சுத்துவாங்க, தேடி புடிச்ச மட்டமான இடம் பெரும்பாலும் பள்ளமா இருக்கும், மழை பெஞ்சா குளம். நாங்க 4, 5 மீட்டர் தள்ளி ரெண்டு நல்ல மரம் கிடைச்சா முடிஞ்சுது.

நல்ல மரம்னு சொன்னேன்ல, அங்கதான் உங்க போட்டோல இருந்த கயிறு வருது. பட்டைக்கு அடியில ஒட்டினாப்புல இருக்கிற மெல்லிய அடுக்குலதான் இலையில செஞ்ச சாப்பாடு மரம் பூரா போகுது, மரம் பருமனாகிறதும் அங்கதான். மெல்லிசு கயிறுல மேல சொன்ன 200 கிலோ இழுத்தா அது பட்டைய அறுத்துட்டு உள்ள போயிடும். ஒரு ஆள் ஒரு ராத்திரின்னா மரம் தாங்கும், நல்ல இடம்னு பேர் வாங்கின இடத்துல ஒவ்வொரு வாரமும் அதே ரெண்டு மரத்துல ஆள் மாத்தி ஆள் கட்டுறாங்களே. குறைஞ்சது ஒரு இன்ச் அகலம் உள்ள ஸ்ட்ராப் வேணும், ரெண்டு இன்ச்னா இன்னும் நல்லது, அதுவும் பாலியெஸ்டரா இருந்தா தேவலாம், நைலான் நனைஞ்சா இழுபட்டு விடியக்காலைல நம்மள தரையில கொண்டு விட்டுரும். மரம் உயிரோட இருக்கணும், இளங்கன்னுல கட்டக்கூடாது, கட்டுறதுக்கு முன்னாடி அண்ணாந்து மேல பட்டுப்போன கிளை ஏதாவது தொங்குதான்னு கட்டாயம் பாக்கணும். உயரம் நாற்காலி உயரம் போதும், ஒன்றரை அடி, விழுந்தா சிரிச்சுட்டு எழுந்திருக்கிற உயரம். ஒண்ணு மேல ஒண்ணா மூணு ஹேமக் அடுக்கி படம் போடுறாங்க, தயவுசெஞ்சு உங்க பேப்பர்ல அந்த மாதிரி போட்டுடாதீங்க.

விளையாட்டு சாமான்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 1492ல கொலம்பஸ் பஹாமாஸ் தீவுல இறங்கினப்போ அங்க இருந்த தைனோ பழங்குடி மக்கள் வலை மாதிரி ஒண்ண கட்டி அதுல தூங்கிட்டு இருந்தாங்க, அவங்க பேச்சுல அது ஹமாக்கா, அதுதான் இந்த ஹேமக். பின்னாடி இங்கிலாந்து கடற்படை மாலுமிங்க அதுலதான் தூங்குனாங்க, போர்க்கப்பல்ல ஒரு ஆளுக்கு தொங்க விட 14 இன்ச் இடம், காலைல சுருட்டி மேல்தளத்து ஓரத்துல அடுக்கிடுவாங்க, சண்டைல துப்பாக்கி குண்டுக்கு அதுவே தடுப்பு. நிலாவுல கூட, அப்பல்லோ 11ல போனவங்க ஒருத்தர் தரையிலயும் ஒருத்தர் எஞ்சின் மூடி மேலயும் முடங்கி சரியா தூங்கல, அடுத்த அப்பல்லோ 12ல இருந்து உள்ள ஹேமக் கட்டி குடுத்துட்டாங்க. ஆடிக்கிட்டே தூங்குறதுல ஏதோ இருக்குன்னு ஜெனிவா பல்கலைக்கழகத்துல 2011ல ஒரு சின்ன ஆய்வு, 12 பேர, மெதுவா ஆடுற படுக்கையில 45 நிமிஷம் தூங்க வச்சு பாத்தாங்க, ஆடாத படுக்கைய விட சீக்கிரம் தூங்கினாங்க. 12 பேர் கொஞ்சம்தான், ஆனா தொட்டில பாத்தவங்க யாருக்கும் ஆச்சரியமா இருக்காது. நம்ம மொழியிலயே தூங்குன்னா பழைய அர்த்தம் தொங்குன்னுதானே, தூங்கணாங்குருவிக்கு அந்த பேர் கூடு தொங்குறதாலதான் வந்துச்சு.

டென்ட் வேண்டாம்னு நான் சொல்ல வரல. மரமே வளராத உச்சியில, மணல்வெளியில ஹேமக் வெறும் துணிதான். சின்ன குழந்தையோட போறவங்களுக்கு, ரெண்டு பேர் சேந்து படுக்கணும்னா, குப்புற படுத்தாத்தான் தூக்கம் வரும்ங்கிறவங்களுக்கு டென்ட்தான் சரி. ஹேமக்குள்ள உக்காந்து பேன்ட் மாத்துறது ஒரு சர்க்கஸ். இடி மின்னலுக்கு ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டுலயும் பாதுகாப்பு கிடையாது.

அந்த கட்டுரைய எழுதினவர் ஒரே ஒரு தடவை கட்டி படுத்து பாத்துட்டு எழுதியிருப்பார்னு தோணுது, அதுவும் போட்டோல இருக்கிற மாதிரியே. அவர்கிட்ட இந்த கடிதத்த குடுங்க, இன்னொரு ராத்திரி தளர்த்தி கட்டி, அடியில ஏதாவது போட்டு, குறுக்கால படுத்து பாக்கட்டும். அதுக்கப்புறமும் பிடிக்கலன்னா தாராளமா திட்டி எழுதட்டும், நான் பதில் போட மாட்டேன். போட்டோவ மட்டும் இணையப் பக்கத்துல இருந்தாவது மாத்திடுங்க சார், அத பாத்து அப்படியே கட்டப்போறவங்க இருக்காங்க.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகன்