இனக்கோடுகளை வரைந்தது இயற்கை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனிதர்களுக்குள் இனம் என்பதே கற்பனை என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். 'டி.என்.ஏ. சோதனையில் ஒருவருடைய பூர்வீகம் தெரிந்துவிடுகிறதே, அப்புறம் எப்படிக் கற்பனை?' என்று அடுத்த இதழில் வாசகர் ஒருவர் கேட்டிருந்ததையும் படித்தேன். வாசகரின் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லாமல் நகர்ந்தால், கண்ணுக்குத் தெரிகிற வேறுபாட்டையே மறுக்கிறார்கள் என்று இனவாதம் பேசுகிறவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேறுபாடு உண்டு. தோலின் நிறமும் சில நோய்களும் வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்கும் திறனும் மரபணு சம்பந்தப்பட்டவைதான், நிலத்துக்கு நிலம் மாறுபவைதான். ஆனால் ஒவ்வொன்றும் தன் போக்கில் மாறுகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் கடுமையாக விழும் பகுதிகளில் தோல் கறுக்கிறது. பப்புவா நியூ கினி மக்களுக்கும் ஆப்பிரிக்கர் பலருக்கும் நிறம் ஒன்றுபோலத்தான் தெரியும். மரபணுவைப் பார்த்தாலோ பப்புவா மக்கள் ஆசியர்களுக்கே நெருக்கம். இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகை, மலேரியா இருந்த இடங்களைத் தொடர்ந்து போயிருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்கா, கிரேக்கம், அரேபியா, இந்தியா எல்லாவற்றிலும் அது உண்டு. தென்னாப்பிரிக்காவின் கோசா மக்களிடம் மிக அரிது. அப்படியிருந்தும் அமெரிக்காவில் அதைக் கறுப்பர்களின் நோய் என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். நிறத்தை வைத்துப் பிரித்தால் ஒரு வரைபடம் வரும், இந்த நோயை வைத்துப் பிரித்தால் இன்னொன்று வரும், இரத்த வகையை வைத்துப் பிரித்தால் வேறொன்று வரும். இவற்றில் எதை இனத்தின் எல்லை என்று சொல்வது?

1972இல் மரபியல் அறிஞர் ரிச்சர்ட் லெவான்டின் இரத்தப் புரதங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார். மனிதர்களுக்குள் இருக்கும் மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய 85 விழுக்காடு ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. இனங்கள் என்று சொல்லப்படுபவற்றுக்கு இடையே இருப்பது 6 விழுக்காடுதான். கட்டுரையாளர் இதோடு நிறுத்திவிட்டார். கதை அதோடு முடியவில்லை. அந்த 6 விழுக்காடு சிறியதுதான் என்றாலும், பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒருவருடைய முன்னோர் எந்தப் பகுதியினர் என்று ஊகிக்க முடியும் என்று 2003இல் இன்னொரு மரபியல் அறிஞரான ஏ.டபிள்யூ.எஃப். எட்வர்ட்ஸ் காட்டினார். அவர் சொன்னதும் சரி. வாசகர் குறிப்பிட்ட சோதனைகள் அந்த அடிப்படையில்தான் நடக்கின்றன.

ஆனால் பூர்வீகம் தெரிவது வேறு, இனம் இருப்பது வேறு. 2002இல் 52 மக்கள் கூட்டங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுவை ஒரு கணினி நிரலிடம் கொடுத்தார்கள். ஐந்து குழுவாகப் பிரி என்றபோது, ஏறக்குறைய கண்டங்களை ஒட்டிய ஐந்து குழுக்கள் வந்தன. 'பார்த்தீர்களா, ஐந்து இனம்!' என்று பலர் துள்ளினார்கள். ஆறாகப் பிரி என்றபோது, ஆறாவது குழுவாக வந்தவர்கள் வட பாகிஸ்தானின் மலைப் பள்ளத்தாக்குகளில் சில ஆயிரம் பேராக வாழும் கலாஷ் மக்கள்! எத்தனை குழு வேண்டும் என்று கேட்டது மனிதர். நிரல் அந்த எண்ணிக்கைக்கு ஏற்பப் பிரித்துத் தந்தது, அவ்வளவுதான்.

சரி, இயற்கை கோடு போடாதபோது யார் போட்டார்கள்? இதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. அன்று வெளிநாட்டில் பிறந்த ஒருவருக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டுமென்றால் அவர் 'வெள்ளையர்' ஆக இருக்க வேண்டும், அல்லது ஆப்பிரிக்க வம்சாவளியினராக இருக்க வேண்டும். 1922 நவம்பரில் ஜப்பானில் பிறந்த தகாவோ ஒசாவாவின் வழக்கு வந்தது. வெள்ளையர் என்றால் காகேசிய இனத்தவர் (ஐரோப்பியரோடு வேறு பலரையும் சேர்த்து அன்றைய இனவியல் நூல்கள் வகுத்த பிரிவு) என்று பொருள், நீங்கள் அந்த இனம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் சேவை செய்த பகத் சிங் திந்த் வந்தார். அன்றைய இனவியல் நூல்களின்படி பஞ்சாபியரான அவர் காகேசியர்தான். அதே நீதிமன்றம், அதே நீதிபதி எழுதிய தீர்ப்பு: நூல்கள் என்ன சொன்னாலும், சாதாரண மனிதர் இவரை வெள்ளையர் என்று ஏற்க மாட்டார். முதல் வழக்கில் துணைக்கு அழைத்த அறிவியலை இரண்டாவது வழக்கில் வெளியே நிறுத்தினார்கள். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. அவர்களின் மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறியிருக்கவில்லை.

இதைப் படிக்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. பழைய கதைதானே என்று விடவும் முடியவில்லை, ஏனென்றால் அந்தக் கோடு உடலுக்குள்ளேயே போயிருக்கிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அறிய தசையிலிருந்து இரத்தத்தில் சேரும் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவைப் பார்த்து ஒரு சூத்திரத்தில் போடுவார்கள். விடையாக வரும் எண் குறையக் குறையச் சிறுநீரகம் மோசம் என்று பொருள். 1999இல் அமெரிக்காவில் வந்த சூத்திரத்தில், நோயாளி கறுப்பர் என்றால் விடையைச் சுமார் 1.2ஆல் பெருக்க வேண்டும். கறுப்பர்களுக்குத் தசை அதிகம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். டயாலிசிஸ் தொடங்காதவருக்கு, மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் அந்த எண் 20 அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் ஓடத் தொடங்கும். உண்மையில் 17இல் இருக்கும் ஒருவர் இந்தப் பெருக்கலால் 20ஐத் தாண்டிவிடுவார். இரண்டு பேருக்கு ஒரே இரத்த முடிவு. வெள்ளையர் வரிசையில் நிற்பார், கறுப்பர் இன்னும் மோசமாகட்டும் என்று காத்திருப்பார். தாயும் தந்தையும் வெவ்வேறு இனம் என்றால் எதால் பெருக்குவது என்பதற்கு அந்தச் சூத்திரத்தில் பதிலே கிடையாது. 2021இல்தான் இனம் இல்லாத புதிய சூத்திரம் வந்தது. 2023 முதல் பழைய கணக்கால் இழந்த காத்திருப்புக் காலத்தை ஆயிரக்கணக்கான கறுப்பின நோயாளிகளுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் இறந்துபோனவர்களுக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது?

இனம் உயிரியலில் இல்லை என்பதால் அதற்கு விளைவே இல்லை என்று நினைப்பதும் தவறு என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். அதேபோல், உடலைப் பார்க்க வேண்டிய இடத்தில் பார்க்காமல் இருப்பதும் ஆபத்து. விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவி கருமையான தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டிவிடக்கூடும் என்பது கொரோனா காலத்தில் பரவலாகத் தெரியவந்தது. அங்கே கவனிக்க வேண்டியது தோலின் நிறத்தை. அதற்கு அந்த மனிதர் என்ன இனம் என்று படிவத்தில் எழுதத் தேவையில்லை.

எனவே ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். 'இந்த இனத்தவருக்கு இந்த நோய் அதிகம்' என்று ஆய்வுச் செய்திகளை நீங்களும் அடிக்கடி வெளியிடுகிறீர்கள். அடுத்த முறை அப்படி ஒன்று வரும்போது, அந்த ஆய்வு அளந்தது எதை என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மரபணுவையா, தோலின் நிறத்தையா, குடியிருக்கும் இடத்தையும் கிடைக்கும் மருத்துவத்தையுமா, அல்லது படிவத்தில் டிக் அடித்த ஒரு கட்டத்தை மட்டுமா என்று வாசகர்களுக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்